வராந்தாவை ஒதுக்கிய மூன்று நாட்கள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கேயும் அது புழங்குவதில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி முதல் சைக்கிள் ஷெட்டில் டோக்கன் கொடுக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் வெண்கலம்தான். குரல் அப்படி. கதவருகே நின்று ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டாரென்றால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர் யாருடைய பெயருக்கோ எழுந்து "ஆஜர்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனது நிஜமாகவே நடந்தது.

வேலை என்னவோ சின்ன வேலைதான். காலையில் அன்றைய வழக்குப் பட்டியலைக் கதவில் ஒட்டவேண்டும். நீதிபதி வரும்போது முன்னால் நடந்து வழிவிடச் சொல்லவேண்டும். பட்டியலில் இருப்பவர்களை வரிசையாகக் கூப்பிடவேண்டும். சாட்சி கூண்டில் ஏறியதும் சத்தியம் சொல்லிக் கொடுக்கவேண்டும். கடவுள் அறிய உண்மை சொல்கிறேன் என்று அவர் சொல்ல, சாட்சி திருப்பிச் சொல்வார். முப்பத்தோரு வருஷமாக எத்தனை ஆயிரம் பேர் அவர் பின்னால் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் தான் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்களே என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அதைக் குறை சொல்ல முடியாது. பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது அவருக்கு.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன் நிலையைத் தொட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் இன்றைக்கு நல்லபடியாக முடியவேண்டும் என்று ஆண்டவனிடம் கேட்பார். வாதிக்கும் நல்லபடியாக, பிரதிவாதிக்கும் நல்லபடியாக என்றால் அது எப்படி என்று அவர் யோசித்ததில்லை. அது ஆண்டவன் பாடு.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் கூப்பிடுவாரு. நான் ஒரு தடவை சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா மட்டும் காது கேக்காது," என்பாள் அவருடைய மனைவி.

கட்டிடத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். மூன்று கோர்ட்டுகளுக்காகக் கட்டியது. இப்போது எட்டு நடக்கிறது. ஒன்று மாடிப்படிக்கு அடியில். அங்கே நீதிபதி எழுந்திருக்கும்போது முதலில் மேலே ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். பெண்களுக்கு இரண்டு கழிப்பறை. ஒன்றைப் பூட்டிப் பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். இன்னொன்றில் தாழ்ப்பாள் கிடையாது. கூட வந்தவர் யாராவது வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வராந்தா, ஏழடி அகலம். அதில்தான் வக்கீல், கட்சிக்காரர், குழந்தையை இடுப்பில் வைத்தவள், விலங்கு போட்ட கைதி, அவன் மேல் சாட்சி சொல்ல வந்தவன் எல்லோரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். மழை பெய்தால் வெளியே இருப்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அப்போது மூச்சு விடுவதைக்கூட முறை வைத்து விடவேண்டும் என்று தலைமை எழுத்தர் சொல்வார்.

வருஷத்துக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அன்றைக்கு மட்டும் வெண்கலம் வராந்தாவை 'ஒதுக்குவார்'. அந்த வார்த்தை அங்கே எல்லோருக்கும் தெரியும். நிற்கிற கூட்டத்தில் பெரும்பாலோரைப் பின்பக்கத்து சைக்கிள் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, தரையைத் துடைத்து வைப்பார். வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் "பரவாயில்லையே"யை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் கட்டிடத்தைப் பெரிசு பண்ணப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பேச்சு வந்து போவது புதிதில்லை. இந்தத் தடவை ஓர் இஞ்சினியரம்மா நிஜமாகவே வந்தார். நீதிபதியின் அறையில் மேசை நிறைய வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினார்கள். டீ கொண்டுபோன வெண்கலம் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் மூன்று மாடி. ஆறு புதுக் கோர்ட். கீழ்த்தளம் முழுக்க ஒரு பெரிய கூடம், இருநூறு பேர் உட்கார பெஞ்சு, பக்கத்தில் பெண்களுக்குத் தனி அறை, தாழ்ப்பாளோடு ஆறு கழிப்பறை.

அன்றைக்கு இரவு சாப்பிடும்போது மனைவியிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "உக்காந்தே இருக்கலாமாம். பேர் கூப்பிட்டா எழுந்து வந்தா போதுமாம்."

"நீங்க போய்க் கட்டின மாதிரி சொல்றீங்க," என்றாள் அவள்.

கட்டவில்லைதான். ஆனால் எத்தனை நாள் காலையில் அவர் அதையும் சேர்த்துக் கேட்டு நிலையைத் தொட்டிருப்பார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தலைமை எழுத்தர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "நாளைக்கு அந்த இஞ்சினியரம்மா அளக்க வர்றாங்க. கூடவே மேலிடத்து ஆளுங்க ரெண்டு பேர். மூணு நாள் இருப்பாங்க. மானம் போகாம பாத்துக்க வெண்கலம்."

"நான் இருக்கேன்ல சார்."

என்ன அளக்கப் போகிறார்கள் என்று வெண்கலமும் கேட்கவில்லை, எழுத்தரும் சொல்லவில்லை. மேலிடம், மூன்று நாள், மானம் என்ற மூன்று வார்த்தை போதுமாக இருந்தது வெண்கலத்துக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்து ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் ஷெட்டுப் பக்கம் போங்க. ரெண்டு மணி நேரம்தான். உங்க முறை வரும்போது நானே வந்து கூப்பிடுறேன்."

"வெயில்ல நிக்க வைக்கிறீரே, நியாயமா?" என்று கேட்டார் நிலத்தகராறுக்காக வரும் ஒரு பெரியவர்.

"வீட்டுக்கு யாராவது வந்தா அங்கங்க கிடக்கிற துணியை அள்ளி உள்ள போடுறதில்லையா பெரியவரே. அது மாதிரிதான்."

"அப்ப நாங்கள்லாம் அழுக்குத் துணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெண்கலமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எல்லோரும் ஷெட்டுக்குப் போனார்கள். அவர் சொன்னால் கேட்பார்கள். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம்.

மூன்று நாளும் இதே கதைதான். மூன்றாம் நாள் அப்படிப் போனவர்களில் தையல்காரம்மாவும் ஒருத்தி. கணவன் போன பிறகு, வீட்டின் முன்னறையைப் பூட்டிவிட்டார்கள் அவனுடைய அண்ணன் தம்பிகள். அந்த அறைக்குள்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. நாலு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த அறையைத்தான். வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பையில் சட்டைகளைக் கொண்டுவருவாள். வராந்தாவின் கடைசித் தூணருகே ஒரு துணியை விரித்து உட்கார்ந்து, கையாலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். வெண்கலத்தின் சட்டைக்குக்கூட ஒரு தடவை அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள், கழற்றச் சொல்லாமல், நின்றபடியே.

முதல் நாள் இஞ்சினியரம்மா வந்ததும் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். கையில் சின்னதாக ஒரு கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். அரைமணிக்கு ஒரு தடவை வராந்தா முழுக்க நடந்து டிக், டிக் என்று அழுத்துவார். மேலிடத்து ஆட்கள் எழுதிக்கொள்வார்கள். ஏதோ தரையின் நீள அகலத்தைத்தான் எண்ணுகிறார்கள் என்று நினைத்தார் வெண்கலம். ஆட்களை எண்ணுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆட்களை யார் எண்ணுவார்கள்? இத்தனை வருஷத்தில் யாரும் எண்ணியதில்லை.

மூன்றாம் நாள் பதினொன்றரை மணிக்கு இஞ்சினியரம்மா அவரிடம் வந்து நின்றார்.

"நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களாமே."

"முப்பத்தோரு வருஷம்மா."

"தினமும் இப்படித்தான் இருக்குமா? இவ்வளவு பேர்தானா?"

வெண்கலம் வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார். சுவரோரம் பதினைந்து இருபது பேர் அடக்கமாக நின்றிருந்தார்கள். தரை பளிச்சென்று இருந்தது.

"தினமும் இப்படித்தாம்மா. எல்லாம் ஒரு ஒழுங்குல போகும்," என்றார்.

இஞ்சினியரம்மா அதை எழுதிக்கொண்டார். தன் வாய்வார்த்தையை ஒரு படித்த அம்மாள் எழுதிக்கொள்வதைப் பார்த்து வெண்கலத்துக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. அந்த விரிவோடுதான் உள்ளேயிருந்து அடுத்த எண்ணைச் சொன்ன குரலுக்குத் திரும்பினார். அன்றைக்கு இரண்டு மூன்று வழக்குகள் வாய்தா போட்டுவிட்டதால் பட்டியல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கதவில் நின்று, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, கூப்பிட்டார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்று தடவை. அவ்வளவு நன்றாகக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. கூப்பிடும்போது ஓரக்கண்ணால் அவர் பார்த்தது இஞ்சினியரம்மாவை.

யாரும் வரவில்லை. "வரவில்லை ஐயா," என்று உள்ளே சொன்னார். தள்ளுபடி என்றார் நீதிபதி. அடுத்த எண்.

மதியம், சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் கலைந்த பிறகு, தையல்காரம்மா ஷெட்டிலிருந்து வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஊசியை முந்தானையில் குத்தியிருந்தாள்.

"அண்ணே, எங்க நம்பர் இன்னும் வரலையா?"

வெண்கலத்துக்கு அப்போதுதான் காதில் விழுந்தது, காலையில் தானே கூப்பிட்ட பெயர். உங்க முறை வரும்போது நானே வந்து கூப்பிடுறேன் என்று சொன்னதும் கூடவே விழுந்தது.

"அது... முடிஞ்சிருச்சும்மா," என்றார். அந்த வெண்கலக் குரல் எங்கே போனதோ. பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவள் அவரையே பார்த்தாள். அதற்குள், காலையில் வேறொரு கோர்ட்டில் இருந்த அவளுடைய வக்கீல் வந்துவிட்டார். "எங்கம்மா போய்த் தொலைஞ்சீங்க? நாலு வருஷம் இழுத்து, சாட்சி சொல்ற நாள் அன்னைக்குப் போய் ஆளக் காணோம்."

வெண்கலம் கையில் பட்டியலோடு அங்கேதான் நின்றிருந்தார். இரண்டடி தூரம். சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்.

"வெளிய கொஞ்சம் நின்னுட்டேன் சார். காதுல விழல," என்றாள் தையல்காரம்மா.

"இந்த வெண்கலம் கூப்பிடுறது காதுல விழலையா? நல்லா இருக்கே கதை."

அவள் பதில் சொல்லவில்லை. வெண்கலமும் சொல்லவில்லை. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் உள்ளே போனார். உள்ளே ஒரு வேலையும் இல்லை. காலி கோர்ட்டில், சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கேயும் நிற்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து விரிவாக்கத் திட்டத்தை முன்வாசலில் ஒட்டினார்கள். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் வரும் சனிக்கிழமை கூட்டத்தில் சொல்லலாம் என்று கீழே எழுதியிருந்தது. மூன்று மாடி இருந்தது. ஆறு கோர்ட் இருந்தது. கீழ்த்தளத்தில் பெரிய கூடம் இருந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். பெண்கள் அறையைக் காணோம். வராந்தாவுக்குப் புதுத் தரையும் பெயிண்டும் மட்டும்.

வெண்கலம் எழுத்துக்கூட்டிப் படித்தார். பக்கத்தில் ஒட்டியிருந்த அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது. மூன்று நாள் எண்ணியதில், வராந்தாவில் ஒரே நேரத்தில் அதிகம் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். தனிக் காத்திருப்புக் கூடம் தேவையில்லை. தினசரி நிலை இதுவே என முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றும் ஊழியரும் உறுதிப்படுத்தினார்.

உறுதிப்படுத்தினார் என்ற இடத்தில் அவருக்கு எழுத்தெல்லாம் கலங்கியது. பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் முதுகில் இடித்துக்கொண்டிருந்தார்கள். நிற்க இடமில்லாமல்தான் இடித்தார்கள். அதற்குக்கூட அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு காலையில் நிலையைத் தொட்டால் வார்த்தை வரவில்லை. சாட்சிக்குச் சத்தியம் சொல்லிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த மின்விசிறியின் சுவிட்சைப் பார்த்துச் சொன்னார். தள்ளுபடியானதை மறுபடி எடுக்கச் சொல்லித் தையல்காரம்மா மனு போட்டிருந்தாள். காதில் விழவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார் என்று கேள்விப்பட்டார். அவளோ எப்போதும்போல் கடைசித் தூணருகே துணி விரித்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, இன்னிக்கு நான் எத்தனாவது?" என்று அதே குரலில் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவர் கொஞ்சம் தூங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தினமும் ஆண்டவன்கிட்ட அவ்வளவு நேரம் பேசுறீங்களே. இதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன், அவருக்கு இன்னும் தெரியலைன்னு நெனச்சீங்களோ?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். நாளைக்குச் சனிக்கிழமை, லீவு நாள், எதற்கு இஸ்திரி என்று அவர் கேட்கவில்லை.

கூட்டம் பெரிய கோர்ட்டில் நடந்தது. நீதிபதி, இஞ்சினியரம்மா, வக்கீல்கள் நாற்பது பேர். உள்ளே போகும் முன்னே தலைமை எழுத்தர் அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார்.

"ரிடையர் ஆக உனக்குப் பதினோரு மாசம் இருக்கு. வாயை மூடிக்கிட்டு சும்மா இரு."

"வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கா சார் எனக்கு இந்த வேலை கொடுத்தீங்க?"

தலைமை எழுத்தர் சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான்தான் மானம்னு சொன்னேன். அதை மட்டும் சொல்லிடாதப்பா."

முக்கால் மணி நேரம் கார் நிறுத்துவதைப் பற்றியே பேசினார்கள். நாற்பது கார் போதாது, அறுபது வேண்டும் என்று. பிறகு நீதிபதி, "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார். யாரும் இல்லை. கோப்பை மூடினார்.

வெண்கலம் கதவருகே, தன்னுடைய வழக்கமான இடத்தில்தான் நின்றிருந்தார். அங்கேயிருந்தே, "ஐயா," என்றார். கூப்பிடுகிற குரலிலேயே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த மூணு நாளும் வராந்தால இருந்தவங்களை நான்தான் பின்னாடி அனுப்பினேன். ஆய்வுன்னு நெனச்சேன். கட்டிடம் பாக்க நல்லா இருக்கணும்னு அனுப்பினேன். அங்க எண்ணினது நெசம் இல்ல ஐயா."

இஞ்சினியரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மூணு நாளுமா?"

"மூணு நாளும்மா."

"அப்ப நான் உங்ககிட்ட கேட்டேனே."

"பொய் சொன்னேம்மா."

முன்வரிசையில் ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்தவரிடம், "சத்தியம் சொல்லிக் கொடுக்கிறவரே இப்படின்னா, நாம யாரைக் குறுக்கு விசாரணை பண்றது?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த அறையில் மெதுவாகச் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போனது. வெண்கலத்தின் கண் தரையில் இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால்கூட ஒருவிதமாகப் போயிருக்கும். அவர் பேச்சை நிறுத்தவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.

"இன்னொண்ணு இருக்கு ஐயா. மூணாம் நாள் ஒரு அம்மா வரலைன்னு நீங்க தள்ளுபடி பண்ணினீங்க. அவங்க வந்திருந்தாங்க. நான்தான் ஷெட்டுக்கு அனுப்பி, வந்து கூப்பிடுறேன்னு வாக்குக் கொடுத்தேன். போகல. அங்க ஆள் இல்லைன்னு தெரிஞ்ச வராந்தாவைப் பாத்துத்தான் மூணு தடவையும் கூப்பிட்டேன். அவங்க வக்கீல் திட்டினப்ப அவங்க என் பேரைச் சொல்லல. நானும் பக்கத்துல நின்னு சும்மா இருந்துட்டேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய ரொம்ப நேரம் ஆனது.

"அதை எழுதிப் பிரமாணமா தாக்கல் பண்ணுங்க," என்றார். "அந்த மனு வரும்போது நீங்க சாட்சியா வரணும்." பிறகு தலைமை எழுத்தரைப் பார்த்து, "இவர்கிட்ட விளக்கம் கேட்டு ஒரு மெமோ," என்றார்.

மறுபடி எண்ணினார்கள். இந்தத் தடவை ஆறு நாள். வெண்கலத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள்: எதையும் ஒதுக்கக் கூடாது. சும்மா நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சுண்ணாம்புக் கோடு போட்ட கால்மணி நேரத்தில் கோடே தெரியாமல் கால்கள் அழித்துவிட்டன. இஞ்சினியரம்மா நடுக்கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு செருப்பு எங்கோ போய், கையைத் தலைக்கு மேல் தூக்கி டிக் டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு நானூற்றுப் பதினெட்டு. நிலத்தகராறுப் பெரியவர் வெண்கலத்தைத் தாண்டிப் போகும்போது, "என்ன, இன்னிக்குத் துணியை அள்ளலையா?" என்று கேட்டார். வெண்கலத்தால் சிரிக்க முடியவில்லை. பெரியவரும் பதிலுக்கு நிற்கவில்லை.

கூடம் மறுபடி வரைபடத்துக்குள் வந்தது. பெண்கள் அறையும் வந்தது. ஆனால் எல்லாம் புதிதாகக் கணக்குப் போட்டு மேலே போய்த் திரும்பிவர இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். அதில் அவர் வேலை செய்யப் போவதில்லை. கார் நிறுத்துமிடம் போன கோபத்தில் சில வக்கீல்கள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மெமோவுக்கு விளக்கம் எழுத மூன்று நாள் ஆனது அவருக்கு. நான் செய்தது தப்பு என்ற ஒரு வரிதான் கடைசியில் நின்றது.

தையல்காரம்மாவின் மனு விசாரணைக்கு வந்த நாளன்று அவருக்கு லீவு கொடுத்திருந்தார்கள், சாட்சி என்பதால். அவருக்குப் பதிலாகக் கதவில் நின்றது சம்மன் கொண்டுபோகிற ஆள். பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

வெண்கலம் வராந்தாவில் நின்றார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவுக்கு இந்தப் பக்கம். ஒன்பதரைக்கு வந்தவர், பன்னிரண்டு வரைக்கும் நின்றார். முழங்கால் கடுத்தது. ஒரு பக்கம் யாருடைய பையோ இடித்தது. இன்னொரு பக்கம் ஒரு குழந்தை அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று நினைத்தார். போனால் அதற்குள் கூப்பிட்டுவிட்டால்? போகவில்லை. கழிப்பறைக்கும் போகவில்லை. கதவில் யாரோ எதையோ கூப்பிட்டார்கள். தன் பெயரோ என்று கழுத்தை நீட்டினார். ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் பாதி வழியிலேயே குரல் செத்துவிட்டது. தொண்டை கட்டியதால்தான் என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு நினைப்பு வந்தது. தன் குரலும் இந்தத் தூண் வரைக்கும் வந்திருக்குமா? எத்தனை பேருக்கு வராமல் போயிருக்கும்? எத்தனை பேரை வரவில்லை ஐயா என்று உள்ளே சொல்லியிருப்பேன்? அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அண்ணே, இங்க உக்காருங்க."

கீழே பார்த்தார். தையல்காரம்மா விரித்திருந்த துணியில் ஓரமாக நகர்ந்து, சட்டைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அரை ஆள் அளவு இடம் விட்டிருந்தாள்.

"வேண்டாம்மா. கூப்பிட்டா கேக்காது."

"நான் கேட்டுச் சொல்றேன். எனக்கு இங்க நாலு வருஷப் பழக்கம். அவர் வாயைப் பாத்தே தெரியும்."

அவர் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலை மடக்கி, அவள் துணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்வைக்கு நேராக அவள் கை மட்டும் இருந்தது. ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. மன்னிச்சிடும்மா என்று சொல்ல நாலைந்து தடவை வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது காலைத் தாண்டிப் போனார்கள்.

"அம்மா," என்றார் கடைசியில். "அன்னைக்கு நான் பக்கத்துல தானே நின்னேன். ஏம்மா என் பேரைச் சொல்லல?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் அண்ணே. அன்னைக்கு இல்லாட்டி மறுநாள்னு." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நாளாக்கிட்டீங்க," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கதவில் சம்மன்காரர் வாயைத் திறந்தார். இரைச்சலில் ஒன்றும் வரவில்லை. தையல்காரம்மா ஊசியை முந்தானையில் குத்திவிட்டு, "நம்ம நம்பர்தான். எழுந்திருங்க," என்று அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். செருப்பைத் தேட நேரமில்லை. வெறுங்காலோடு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க," என்று கேட்டுக்கொண்டு, தான் இத்தனை வருஷம் ஒதுக்கிய கூட்டத்தின் நடுவே, அவள் பின்னால் கதவை நோக்கிப் போனார்.